ஒத்தைப்புளியங்குளத்து ஊர் மூக்கு

ஒத்தைப்புளியங்குளத்தில் புளியமரமும் கிடையாது, குளமும் கிடையாது. குளத்தில் பிள்ளைகள் விழுந்துவிடப் போகிறார்கள், மூடி வையுங்கள் என்று யாரோ சொன்னார்களாம். இருந்த ஒற்றை மரத்தையும் வெட்டி உள்ளே தள்ளி மூடிவிட்டார்கள். சொன்னால் சொன்னபடி செய்கிற ஊர். அதில் மட்டும் குறை சொல்ல முடியாது.

விறகுப் புகை கண்ணைக் கரிக்கிறது என்று ஊர்ச் சமையல்காரன் சொரிமுத்து மூக்கால் அழுதுகொண்டே இருந்ததால், ஊர் மண்டபத்துக்குப் பொதுவில் ஒரு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் வாங்கினார்கள். டவுனிலிருந்து சிலிண்டர் கொண்டுவந்த ஆள் அதை மேட்டுக்குக் கீழே ரோட்டில் இறக்கி வைத்துவிட்டு, பாவம், நல்ல மனசோடு நாலு வார்த்தை சொன்னான். சிலிண்டரைச் சாய்க்காமல் நிமிர்த்தியே வையுங்கள்; டியூப் மாட்டின இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கேஸ் ஒழுகுகிறது என்று அர்த்தம்; வாடை அடித்தால் தீக்குச்சி கிழிக்காதீர்கள், சுவிட்சைத் தொடாதீர்கள், ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். இவ்வளவுதான். எந்த ஊரில் நின்று பேசுகிறோம் என்று அவனாவது யோசித்திருக்க வேண்டாமா?

சிலிண்டரை மாட்டுவண்டியில் ஏற்றப் போனார்கள். நாட்டாமை தளவாய் கையை ஓங்கித் தடுத்தார். மேட்டில் ஏறும்போது வண்டி சாயும், வண்டி சாய்ந்தால் சிலிண்டரும் சாயும் என்றார். ஊரே அசந்துபோனது. கடைசியில் நாலு பேர் சிலிண்டரைக் கைத்தாங்கலாகப் பிடித்து, பிள்ளைத்தாய்ச்சியை நடத்துவதுபோல மேட்டில் ஏற்றினார்கள். வெறும் வண்டி பின்னால் வந்தது. மாடுகள் இரண்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டன. அன்றைக்கு அந்த ஊரில் விஷயம் புரிந்தவர்கள் அவர்கள் இருவர்தான்.

அடுத்தது சோப்பு. சொரிமுத்து ஒரு சட்டியில் சோப்பை நுரைக்க நுரைக்கக் கலக்கி சிலிண்டருக்குத் தடவினான். எங்கே பார்த்தாலும் குமிழி. அடுப்புக்குத் தடவினான், அங்கேயும் குமிழி. ஆட்டுரலுக்குத் தடவினான், ஆட்டுரலும் ஒழுகியது. நாட்டாமை சட்டியை எட்டிப் பார்த்தார்.

"சட்டிக்குள்ளயே குமிழி வருதே. அப்போ ஒழுகுறது சிலிண்டர் இல்லவே, சோப்பு."

ஆகவே இனிமேல் சோப்புப் போடாத சோப்புத் தண்ணீரில்தான் சோதிக்க வேண்டும் என்று முடிவானது. ஒரு குமிழிகூட வரவில்லை. ஒவ்வொரு விருந்தன்றும் காலையில் அடுப்புப் பக்கம் போகிற சாமான் அத்தனையும் அந்தத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும் என்று சொரிமுத்துவுக்கு உத்தரவு.

கடைசி விஷயம்தான் சிக்கலாகிவிட்டது. வாடை அடித்தால் என்று சொன்னானே, யாருக்கு அடித்தால்? ஒருத்தன் அடிக்கிறது என்பான், இன்னொருத்தன் இல்லை என்பான், ஊர் ரெண்டுபடும். ஊருக்கு ஒரே மூக்கு இருந்துவிட்டால் தகராறு இல்லை. அந்த மூக்கு சொன்ன பிறகுதான் வாடை வாடை. அதுவரைக்கும் எவனுக்கு என்ன அடித்தாலும் அது அவன் சொந்த விஷயம். இருக்கிறதிலேயே நீளமான மூக்கு யாருடையது என்று பார்த்தார்கள். பலவேசத்துக்கு மாலை போட்டார்கள்.

பலவேசத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரே ஒரு சங்கடம். மீசை முளைத்த நாளிலிருந்து மூக்குப்பொடி போட்டுப் போட்டு, மல்லிகைப்பூவுக்கும் மாட்டுச்சாணிக்கும் அந்த மூக்கு வித்தியாசம் கண்டது கிடையாது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் பதவி ஏற்றதிலிருந்து ஒரு தடவைகூட கேஸ் ஒழுகவில்லை என்று ஊர் மெச்சிக்கொண்டது. அடுப்பையே இன்னும் யாரும் திறக்கவில்லை என்பது வேறு விஷயம். அதிகாரத்தில் இருக்கிறவருக்கு இதைவிட என்ன நல்ல பெயர் வேண்டும்?

இப்படி இருக்கும்போது அவர் மகள் முப்பிடாதிக்கு ஒரு வரன் வந்தது. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் தட்டிப்போய், பலவேசம் தூக்கமில்லாமல் கிடந்த சமயம். மாப்பிள்ளை வீட்டுக்கு டவுன் சந்தையில் பெரிய கருவாட்டுக் கடை. மாப்பிள்ளையின் அம்மா செல்லத்தாய் மகா ரோஷக்காரி. பெண் பார்க்கப் போன வீட்டில் யாரோ துண்டால் மூக்கைப் பொத்தினான் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினவள் என்று தரகர் எச்சரித்தார். பலவேசம் நாட்டாமை காலில் விழாத குறை. இதுவும் போனால் என் பிள்ளை கதி என்ன என்று கெஞ்சினார். நாட்டாமை ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார்: நிச்சயதார்த்தம் முடிகிறவரை, என்ன வாடை வந்தாலும் சரி, எவனும் மூக்கைப் பொத்தக் கூடாது.

நிச்சயதார்த்த நாளும் வந்தது. மண்டபத்தில் முதல் முதலாகக் கேஸ் அடுப்பில் விருந்து. சொரிமுத்து காலையிலேயே எல்லாவற்றையும் சோதனைத் தண்ணீரில் முக்கி எடுத்தான்: கரண்டி, அரிகரண்டி, தீப்பெட்டி. பிறகு அடுப்பின் திருகைத் திறந்தான். உஸ்ஸென்று சத்தம் வந்தது. அவனுக்கு இதெல்லாம் தெரியாதா? பஞ்சாயத்துக் குழாயைத் திறந்தாலும் முதலில் உஸ்ஸென்று காற்றுதான் வரும், காற்று தீர்ந்த பிறகுதான் தண்ணீர். அதுபோல காற்று தீரட்டும், கேஸ் வந்ததும் பற்ற வைக்கலாம் என்று நாட்டாமையிடமும் சொல்லி, வருகிற கேஸ் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடாமல் ஜன்னல்களை இறுக்கிச் சாத்திவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அடுப்புக்குக் கீழே ஒரு குடத்தையும் வைத்து உட்கார்ந்துகொண்டான்.

சம்பந்தி வீட்டார் மண்டபத்தில் வந்து உட்காரவும் வாடை கிளம்பவும் சரியாக இருந்தது. அழுகின முட்டைக்கோசு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினதுபோல வாடை. ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆஹா, தரகர் சொன்னது சரிதான், இதுதான் கருவாடு என்று எல்லாரும் ஒரே மனதாக முடிவு கட்டினார்கள். ஒரு கை மூக்குக்குப் போக வேண்டுமே? கிடையாது. கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

செல்லத்தாய்தான் முகத்தைச் சுளித்தாள். "கேஸ் வாடைல்லா அடிக்கி?"

தன் வீட்டு வாடையை மறைக்க என்ன பாடுபடுகிறாள் என்று நாட்டாமைக்கு அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது. கூச்சப்படாதீர்கள் சம்பந்தி, கருவாட்டு வாடை எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னார். செல்லத்தாய் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"முப்பது வருசமா கருவாடு விக்கேன். அதோட வாடை எது, கேஸ் வாடை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"கோவப்படாதிய. அதைச் சொல்லத்தான் எங்கள்ட்ட ஊர் மூக்கு இருக்கு. பலவேசம், நீரு சொல்லும்வே. கேஸா, கருவாடா?"

பலவேசம் கணக்குப் போட்டுப் பார்த்தார். கேஸ் என்றால் அவர் காவலில் ஒழுகிவிட்டது, பதவி போகும், மாலை போகும். கருவாடு என்றால் முப்பிடாதியின் வாழ்க்கை போகும். மகள் உள்கதவுக்குப் பின்னால் நிற்கிற வளையல் சத்தம் கேட்டது. மனுஷர் மூச்சை இழுத்துப் பார்த்தார். வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார்.

"எனக்கு ஒரு வாடையும் வரலை."

கேஸ் ஒழுகவில்லை என்று ஊர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அந்தக் காற்றில் பெருமூச்சு விட்டதற்கே அவர்களைப் பாராட்டலாம். செல்லத்தாய் அப்படியே நின்றுவிட்டாள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஒரு வாடையும் வரவில்லை என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் கண் கலங்கிவிட்டது. கேஸினால் கலங்கினதாகவும் இருக்கலாம்.

பிரச்சினை தீர்ந்த சந்தோஷத்தில் நாட்டாமை சமையற்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சொரிமுத்து, காத்து தீந்தது போதும். பத்த வைல."

செல்லத்தாய் தட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். உள்ளே சொரிமுத்து குச்சி குச்சியாக எடுத்து உரசிக்கொண்டிருந்தான். ஒன்றும் பற்றவில்லை. சோதனையில் தேறின குச்சிகளே இப்படி இருந்தால் தேறாதது எப்படி இருக்கும் என்று அலுத்துக்கொண்டான். செல்லத்தாய் தீப்பெட்டியைப் பிடுங்கி எறிந்து, திருகை மூடி, ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, ஊரையே வெளியே விரட்டினாள்.

"அறிவு கெட்ட சவங்களா, நல்லாக் கேட்டுக்கிடுங்க. இனிமே நான் இந்த ஊருக்குள்ள வந்தா, இந்தத் திருகை மூடி, சன்னல் கதவெல்லாம் திறந்து போட்டு, ஒரு ஆள் விடாம வெளிய வந்து நிக்கணும். அதுக்கப்புறந்தான் எனக்கு நெஞ்சு படபடப்பு அடங்கும்."

ஊர் பயபக்தியோடு தலையாட்டியது. தட்டு மாற்றினது மண்டபத்துக்கு வெளியே வெயிலில்தான். செல்லத்தாய் பலவேசத்தின் மூக்கை ஆசையாகப் பார்த்தாள். அண்ணாச்சி, இந்த மாதிரி ஒரு மூக்கைத்தான் நான் இத்தனை நாளாகத் தேடினேன், பெண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பலவேசம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேவிட்டார்.

சாயங்காலம் ஊர் கூடி யோசித்தது. வாடை சம்பந்தியம்மாள் வரும்போது வந்தது, அவள் பஸ் ஏறினபோது இல்லை. கேஸ் இல்லை என்று ஊர் மூக்கே சொல்லியாயிற்று. பிறகென்ன?

அன்றிலிருந்து மண்டபத்தில் அந்த வாடை லேசாகக் கிளம்பினால் போதும், "சம்பந்தி வந்துட்டாங்க" என்று ஒருவன் கத்துவான். சொரிமுத்து திருகையும் ரெகுலேட்டரையும் மூடுவான். ஜன்னல் கதவெல்லாம் திறந்துகொள்ளும். ஊர் மொத்தமும் தாம்பாளத்தோடு எல்லைக்குப் போய், வாடை அடங்குகிறவரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

சிலிண்டர் போடுகிற ஆள் ஒருநாள் இதைக் கண்ணால் பார்த்துவிட்டான். பழைய சிலிண்டரை மாற்றும்போது அவன் கையில்தான் லேசாக உஸ்ஸென்றது. கண்ணை மூடித் திறப்பதற்குள் மண்டபத்தில் ஆள் இல்லை. அவனுக்குப் புல்லரித்துவிட்டது. எல்லைக்கு ஓடிவந்து, நாட்டாமை கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை ஊருக்கு சிலிண்டர் போடுகிறேன், சொன்னதை இவ்வளவு சுத்தமாகச் செய்கிற ஊரை நான் பார்த்ததே இல்லை என்றான்.

நாட்டாமை அவனை மேலும் கீழும் பார்த்தார். அவன் சட்டையில் அந்த வாடை லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது. உடனே தாம்பாளத்தை அவன் கையில் கொடுத்து, மாலையைப் போட்டு, மரியாதையாகக் கேட்டார்:

"தம்பி, நீங்க மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறையா, பெரியப்பா முறையா?"