தேவாங்கோடு ஒட்டிக்கொண்ட சொல்

அந்தக் காலத்தில், மிருகங்களுக்கும் பேச்சு இருந்தபோது, மேட்டுக்காட்டிலேயே வேகமாக ஓடக்கூடியது தேவாங்குதான். இன்றைக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அப்படித்தான் இருந்தது.

அந்தத் தேவாங்குகளிலும் மின்னி என்று ஒருத்தி இருந்தாள். உசிலை மரத்தில் உட்கார்ந்திருக்கிறாளே என்று பார்த்துவிட்டுத் திரும்பினால் எதிர்ச்சரிவில் இருப்பாள். யாருக்கு எந்தச் சேதி சொல்ல வேண்டுமென்றாலும், "மின்னியைக் கூப்பிடு" என்பார்கள். அவளும் போவாள், சொல்வாள், வருவாள். அதற்காக யாரும் அவளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. வேகமாக ஓடுகிறவளுக்கு ஓடுவது ஒரு வேலையா என்ற நினைப்பு.

அவளுக்கு அந்த வருடம் இரண்டு குட்டிகள் பிறந்திருந்தன. இலுப்பை மரப் பொந்தில் வைத்திருந்தாள். இன்னும் கிளையைப் பிடிக்கத் தெரியாத குட்டிகள்.

கோடை மழை பொய்த்த வருடம் அது. மூங்கில்கள் காய்ந்து ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. ஒரு மத்தியானம், காட்டுக்குத் தலைவனாக இருந்த சடையன் என்ற கடுவன் குரங்கு பாறை உச்சியிலிருந்து பார்த்தபோது, ஓடைக்கு அக்கரையில் புகை எழும்பியது. அக்கரைச் சரிவில்தான் மான்கள் குட்டிகளோடு படுத்திருந்தன. மான்களின் குணம் சடையனுக்குத் தெரியும். பதறிவிட்டால் திசை பார்க்காது, நெருப்புக்குள்ளேயே ஓடிவிடும்.

"மின்னி!" என்று கத்தினான். அவள் வந்து நின்றாள்.

"அக்கரையில் தீப்பிடித்திருக்கிறது. மான்களை வடக்கே போகச் சொல்ல வேண்டும். நீ போய் மெதுவாகச் சொல்லிவிட்டு வா."

"குட்டிகள் தனியாக இருக்கின்றன, பெரியவரே."

"நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கிளம்பு."

அவள் கிளம்பிவிட்டாள். ஓடையைத் தாண்டும்போதே சடையன் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மெதுவாகச் சொல்லிவிட்டு வா. பிறந்ததிலிருந்து யாரும் அவளிடம் மெதுவாக என்று சொன்னதே இல்லை. அதனால் அந்தச் சொல் அவளுக்குப் புதிதாக இருந்தது. எதற்காகச் சொன்னார் என்று யோசித்துக்கொண்டே போனாள்.

மான்கள் படுத்திருந்த இடத்துக்கு மேலே ஒரு கிளையில் நின்று, "தீ வருகிறது. வடக்கே பள்ளத்தில் இறங்கி ஏரிக்குப் போய்விடுங்கள்" என்று ஒரே மூச்சில் சொன்னாள். மூத்த பெண்மான் எழுந்தது. குட்டிமான்கள் எல்லாம் மின்னியையே பார்த்துக்கொண்டிருந்தன.

மின்னி பாயப் போனாள். அந்தச் சொல் அவள் காலைப் பிடித்தது. இப்போது நான் பாய்ந்தால் இந்தக் குட்டிகளும் மிரண்டு பாயும். ஓ, இதற்குத்தான் மெதுவாக வரச் சொல்லியிருக்கிறார் பெரியவர் என்று நினைத்தாள். ஒரு கையை எடுத்து வைத்தாள். பிறகு மறு கையை. பிறகு ஒரு கால். அவள் பதறாமல் போவதைப் பார்த்த மான்களும் பதறாமல் வரிசையாகப் பள்ளத்தில் இறங்கின. ஒரு குட்டிகூடத் தவறவில்லை. மின்னிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மான்கள் கண்ணிலிருந்து மறைந்த பிறகும் சொன்ன சொல்லை மீறக்கூடாது என்று அப்படியே கிளை கிளையாக நடந்து வந்தாள்.

பாதி வழியில் காற்று திரும்பியது. எரிந்துகொண்டிருந்த சருகுகள் அவள் தலைக்கு மேலே பறந்து ஓடையைத் தாண்டி விழுந்தன. இக்கரையில் புகை எழும்பியதைப் பார்த்ததும்தான் மின்னி ஓடினாள். அதுபோல அவள் ஒருநாளும் ஓடியதில்லை.

இக்கரையில் சடையன் எல்லோரையும் நிறுத்தி வைத்திருந்தான். "பாறை இடுக்கு வழியாகத்தான் தப்பிக்க முடியும். அந்த வழி மின்னிக்கு மட்டும்தான் தெரியும். இப்போது வந்துவிடுவாள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஆனால் சீக்கிரம் திரும்பி வர வேண்டும் என்பதை அவன் மின்னியிடம் சொல்லவில்லை. அது தானாகத் தெரியும் என்று நினைத்துவிட்டான். தீ பக்கத்தில் வந்தபோது தன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு மர உச்சிகளின் மேலேயே தாவிப் போய்விட்டான். தாவ முடிந்தவர்களும் வளைக்குள் பதுங்கியவர்களும் பிழைத்தார்கள். இலுப்பை மரத்தை அவன் நினைக்கவே இல்லை.

மின்னி வந்தபோது மரம் கறுத்து நின்றது. பொந்துக்குள் கையை விட்டாள். வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் வறண்ட ஓடையில் மிச்சமிருந்தவர்கள் கூடினார்கள். அணில் அழுதுகொண்டே கேட்டது: "காற்றாகப் பறப்பாயே மின்னி! என் பிள்ளைகளும் உனக்காகத்தானே காத்திருந்தார்கள். அன்றைக்கு மட்டும் ஏன் ஆடி அசைந்து வந்தாய்?"

"பெரியவர்தான் மெதுவாக வரச் சொன்னார்."

"நானா?" என்றான் சடையன். "மெதுவாகச் சொல்லிவிட்டு வா என்றேன். சொல்வதைத்தான் மெதுவாகச் சொல்லச் சொன்னேன். மெதுவாக வா என்றேனா?"

கூட்டத்தில் சலசலப்பு. அணில், "சொல்வதுதான் மெதுவாக. இதுகூடவா புரியாது?" என்றது. முள்ளம்பன்றி தயங்கித் தயங்கி, "எனக்கென்னவோ வருவதையும் சேர்த்துத்தான் சொன்னதுபோல..." என்று ஆரம்பித்தது. சடையன் திரும்பிப் பார்த்தான். "பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று முள்ளம்பன்றி முடித்துக்கொண்டது.

மின்னி மூத்த பெண்மானைப் பார்த்தாள். "நீயாவது சொல், அக்கா. நான் பாய்ந்திருந்தால் உன் குட்டிகள் என்ன ஆகியிருக்கும்?"

பெண்மானின் குட்டிகள் அதன் காலடியில்தான் நின்றுகொண்டிருந்தன. அது தலையைக் குனிந்துகொண்டு, "நாங்கள் அக்கரை ஆட்கள். இங்கே யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றது.

மின்னி அதற்குமேல் யாரிடமும் சாட்சி கேட்கவில்லை. சடையன் முன்னால் போய் நின்றாள்.

"மெதுவாகச் சொல், ஓடி வா. இப்படிச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் உனக்கு?"

அவனை அவள் நீ என்றது அதுதான் முதல் தடவை. எல்லோருக்கும் திக்கென்றது.

"அவசரத்தில் யார் நிறுத்தி நிதானித்துப் பேசுவார்கள்?" என்றான் சடையன். "எல்லோரும் பேசுகிறபடிதான் நானும் பேசினேன். எந்தச் சொல்லை எதோடு சேர்ப்பது என்று கேட்கிறவருக்குத்தான் தெரிய வேண்டும். உனக்குத் தெரியவில்லை. இத்தனை உயிர் போனதற்கு நீதான் காரணம்."

பழி ஒருத்தி தலையில் விழுந்ததும் மற்றவர்களுக்கு மூச்சு விட முடிந்தது.

"சரி" என்றாள் மின்னி. "நீ கொடுத்த சொல்லைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன். எதோடு சேர்ப்பது என்ற குழப்பம் எனக்கு இனிமேல் வேண்டாம். எல்லாவற்றோடும் சேர்த்துக்கொள்கிறேன். மெதுவாக ஏறுவேன், மெதுவாக இறங்குவேன், மெதுவாகத் திரும்பிப் பார்ப்பேன். நாளைக்கே இந்தக் காடு மறுபடி எரிந்தாலும், உன் பிள்ளைக்கே சேதி சொல்ல வேண்டியிருந்தாலும், மெதுவாகத்தான் வருவேன்."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். ஒரு கையை எடுத்து வைத்தாள். பிறகு மறு கையை. ஓடைக்கரையில் இருந்த மரத்தில் அவள் ஏறி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. சடையன் மட்டும் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மற்ற தேவாங்குகளும் அவள் வழியையே பிடித்துக்கொண்டன. அன்று முதல்தான் தேவாங்கு ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போக அத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறது. துரத்தினாலும் ஓடாது. யாராவது கிட்டே வந்து பேசினால், காதை நம்பாமல், இரண்டு கண்களையும் அகல விரித்துப் பேசுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்.