காலாவதியான கறுப்பு மை

தூத்துக்குடியில் பிளெக்ஸ் அடிக்கிற ஜெசிந்தாவுக்கு வயது முப்பத்திரண்டு. அவளிடம் தொழில் கற்க வந்த இசக்கிமுத்துவுக்கு ஐம்பத்தாறு. அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுப் போகட்டும், இவர்கள் இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

பெரிய பிரிண்டரில் மை டப்பாவுக்கும் காலாவதித் தேதி உண்டு. அது தாண்டிவிட்டால் மெஷின் அடம்பிடிக்கும், அடிக்காது. தொழில்காரர்கள் சும்மா விடுவார்களா? கம்ப்யூட்டரில் தேதியைச் சரியாக ஒரு வருஷம் பின்னால் தள்ளிவிடுவார்கள். மெஷின் நம்பிவிடும், பாவம். வேலை முடிந்ததும் தேதியைத் திருப்பி வைக்க வேண்டும்.

ஜெசிந்தா இதைச் சொல்லிக்கொடுத்தபோதே ஒன்று சொன்னாள். "குப்பை கொட்டாதீர்னு போர்டு அடிக்கப் பழைய மை போதும் அண்ணாச்சி. முகம் அடிக்கக் கூடாது."

அன்று கறுப்பு மை காலாவதியாகிவிட்டது. இசக்கிமுத்து தேதியைத் தள்ளி, ஒரு நோ பார்க்கிங் போர்டு அடித்துக் கொடுத்தார். சாயங்காலம் ஜெசிந்தா வந்து பார்த்தால், திரையில் இன்னும் போன வருஷம்தான் இருந்தது.

"திருப்பி வைக்கலையா?"

"இருக்கட்டும் மாஸ்டர்."

"ஏன்?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்தத் தேதியில பேச்சி உசிரோட இருக்கா. ஆஸ்பத்திரியில கஞ்சி கேட்டா. சூடு ஆறட்டும்னு சொன்னேன்."

பேச்சித்தாய் அவர் மனைவி. மறுநாள் அவளுடைய முதல் வருஷ நினைவு நாள். வாசலில் கட்டும் பேனரை நானே அடித்துக் கொண்டுவருகிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தார். காலையிலிருந்து மகள் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். அவர் எடுக்கவில்லை.

"மெஷினே நம்புது. நானும் நம்பிட்டா என்ன மாஸ்டர்?"

ஜெசிந்தா திட்டவில்லை. உட்கார்ந்து பேனர் ஃபைலைத் திறந்தாள். அஞ்சலி எழுத்துகளை எல்லாம் அழித்தாள். படம் மட்டும் மிச்சம் இருந்தது.

"அடிங்க."

"பழைய மையிலயா? முகம் ஆச்சே."

"உங்க தேதியிலயே அடிங்க."

அவர் டப்பாவைக் கழற்றி நன்றாகக் குலுக்கினார். திரும்ப மாட்டினார். மெஷின் இங்கும் அங்கும் ஓடத் தொடங்கியது. முடி ஒழுங்காக விழுந்தது. நெற்றி வந்தது, பொட்டு வந்தது. அவர் முகம் மலர்ந்துபோனது, பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

புருவத்துக்கு வந்ததும் கறுப்பு விட்டுவிட்டு விழுந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளைக் கோடுகள். பேச்சித்தாய்தான், சந்தேகமில்லை. ஆனால் அவள் அவரைப் பார்க்கவில்லை.

இசக்கிமுத்து மெஷினை நிறுத்தினார். பிளெக்ஸின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

"குலுக்கித்தானே போட்டேன்."

"குலுக்கினீங்க அண்ணாச்சி. பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

போன் அடித்தது. மகள்தான்.

"அவகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

ஜெசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வந்துருவேன்னு சொல்லுங்க. நான் போய்ப் புது மை வாங்கிட்டு வாறேன். அதுக்குள்ள நீங்க இன்னைக்குத் தேதியை வைங்க. அதுலதான் அவங்களுக்குக் கண்ணு வரும்."