ஏழு மாத்திரை

சின்ன டாக்டர் செல்வினுக்கு அன்றைக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவன் பயிற்சிக்கு வந்து இரண்டு மாதம்தான். ஒன்பதாம் வகுப்பு முப்பிடாதிக்கு ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதியவனும் அவனே. மாதம் ஒன்று போயும் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு எட்டிலேயே நிற்கிறது.

"மாத்திரையத் தினமும் போட்டியா?"

"போட்டேன் சார். வயித்தப் புரட்டிக்கிட்டு..."

"போட்டிருந்தா வெளிக்கி கறுப்பா போகுமே. போகுதா?"

பள்ளிக்கூடத்திலிருந்து பரிசோதனைக்கு வந்து வரிசையில் நின்ற வகுப்புப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். முப்பிடாதி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அப்புறம் வரவே இல்லை.

செல்வின் பெரிய டாக்டர் அருமைநாயகத்திடம் போய்ப் பொருமினான்.

"இந்தப் பிள்ளைங்க ஏன் சார் பொய் சொல்லுதுங்க?"

பெரிய டாக்டர் ஏழு மாத்திரைகளை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"முப்பிடாதி போடுத மாதிரியே, காலைல வெறும் வயித்துல ஒண்ணு போடுங்க. ஏழு நாள் கழிச்சுப் பேசுவோம்."

இதென்ன பெரிய கம்பசூத்திரமா என்று நினைத்தான். முதல் நாளே வயிறு புரட்டியது. இரண்டாம் நாள் தண்ணீர்க் குழாயடியில் குந்தி ஓங்கரித்தான். மூன்றாம் நாள் மாத்திரை ஜன்னல் வழியே செம்பருத்திச் செடிக்குப் போனது. மிச்ச நாலும் அதே வழியில் போயின.

எட்டாம் நாள் பள்ளிக்கூடத்தில் முப்பிடாதி மயங்கி விழுந்தாள் என்று நர்ஸ் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வெளியே பெஞ்சில் உதடு வெளுத்து உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டித்தான் செல்வின் பெரிய டாக்டர் அறைக்குள் போனான்.

"ஏழும் போட்டீங்களா?"

"போட்டேன் சார்."

எப்படி வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

பெரிய டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வெளிக்கி கறுப்பா போச்சா?"

செல்வினுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தப் பிள்ளை நின்ற மாதிரியே தலை குனிந்து நின்றான். கண் கலங்கிவிட்டது.

"ரெண்டுதான் சார் போட்டேன்."

சொல்லிவிட்டுச் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"வெளிய அவ இருக்கா சார். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவகிட்ட பேச? என்னன்னு கேக்க?"

"உள்ள கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, சாப்பிட்டியான்னு கேளுங்க."