கடம்பனாரின் குரல்

போரில் நாட்டைக் காப்பாற்றிய தலைவர் ஒருவர், போர் முடிந்த கையோடு வந்த தேர்தலில் தோற்றுப்போனார். தோற்றதுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஏன் தோற்றோம் என்பதுதான் விளங்கவில்லை.

அவர் பெயர் கடம்பனார். தென்கரை நாட்டின் பிரதமராக இருந்தவர். செவ்வாற்றுக்கு அந்தப் பக்கம் வடகரைப் படைகள் கூடத் தொடங்கியபோது, அது வெறும் பயிற்சி என்று எல்லோரும் சொன்னார்கள். இவர் ஒருவர்தான் இல்லை, வரப்போகிறார்கள் என்றார். சபையில் சிரித்தார்கள். பத்திரிகைகளில் கேலிப்படம் போட்டார்கள். பிறகு வடகரைக்காரர்கள் வந்தே விட்டார்கள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. பதவியைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில்தான் குண்டு விமானங்கள் வரும். அதற்குச் சற்று முன்னால் வானொலியில் கடம்பனார் பேசுவார். "தென்கரை மக்களே" என்று அந்தக் குரல் தொடங்கினால், அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு வந்து கேட்பார்கள். துறைமுக நகரமான முத்தலை பாதிக்கு மேல் எரிந்துபோனது. புகை அடங்காத தெருவில் நின்றுகொண்டும் பேசினார். நாடு பணியவில்லை. கடைசியில் வடகரைப் படை வந்த வழியே ஆற்றைக் கடந்து திரும்பிப் போனது.

வெற்றி ஊர்வலத்தில் விழுந்த மாலைகளின் கனத்தில் அவருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. அந்தச் சுளுக்கு சரியாவதற்குள் தேர்தலில் தோற்றிருந்தார்.

கட்சிக்காரர்கள் சதி என்றார்கள். பத்திரிகைகள் விலைவாசி என்றன. மருத்துவர் ஓய்வெடுங்கள் என்றார். எதுவும் அவர் மனதில் ஒட்டவில்லை. மாலை போட்ட கையும் எதிர்த்து ஓட்டுப் போட்ட கையும் ஒரே கைதானே, அதில் எது உண்மை? இதையே நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டது. யாரோ சொன்னதைக் கேட்டுக் கூகைமலை மடத்துக்குப் புறப்பட்டார்.

மடத்தின் தலைவி நப்பின்னை அம்மை. கடம்பனாருக்கு மகள் வயதுதான் இருக்கும். அவர் மலையேறி, ஒவ்வொரு திருப்பத்திலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒருவழியாக மேலே வந்து சேர்ந்தபோது அம்மை தொழுவத்தில் ஒரு பசுவுக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது."

"தெரியும் ஐயா. நாடே பேசிக்கொள்கிறது. இங்கே தங்குகிறீர்களா?"

"தங்குகிறேன்."

"தங்குகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு. உங்களுக்கு என்ன வேலை தெரியும்?"

கடம்பனார் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்கே திகைப்பாக இருந்தது.

"பேசத் தெரியும்" என்றார்.

"அப்படியானால் மத்தியானச் சாப்பாட்டின்போது வாசியுங்கள். இங்கே ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவது வழக்கம்."

அன்றைக்கு வாசிக்க வேண்டியிருந்தது ஒரு மாட்டு வைத்திய நூல். கடம்பனார் எழுந்து நின்றார். கூடத்தில் எல்லோரும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"வயிறு உப்பிய பசுவுக்கு, ஓமமும் பெருங்காயமும் சேர்த்து இடித்து..."

அவ்வளவுதான் வாசித்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன. ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொருவர் எழுந்தே நின்றுவிட்டார். மூலையிலிருந்த ஓர் அம்மாள் பக்கத்திலிருந்த இரண்டு பேரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கூடத்துக்குக் கீழே இருந்த தானியக் கிடங்கின் படிகளில் விறுவிறுவென்று இறங்கினார். இழுபட்டவர்களும் ஒன்றும் கேட்காமல் இறங்கினார்கள்.

கடம்பனார் நூலை மூடினார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரியவில்லை.

"தப்பாக வாசித்துவிட்டேனா அம்மா?"

"என்னைக் கேட்டால்? போய் அவர்களையே கேளுங்கள்" என்றார் அம்மை. சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

கிடங்கில் நெல் மூட்டைகளுக்கு நடுவே அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். குமுதவல்லி என்று பெயர். முத்தலையில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து, போருக்குப் பிறகு மடத்துக்கு வந்தவர்.

"மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா. உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை."

"பிறகு ஏன் அம்மா இறங்கி வந்தீர்கள்?"

"நான் வரவில்லை. கால் வந்துவிட்டது." கூச்சத்தோடு சிரித்தார். "எங்கள் பள்ளியில்தான் போரின்போது பக்கத்துத் தெருப் பிள்ளைகள் எல்லாம் தங்கியிருந்தார்கள். சாயங்காலம் வானொலியில் உங்கள் குரல் வரும். குரல் வந்தால் பின்னாலேயே விமானம் வரும். அதனால் நீங்கள் 'தென்கரை' என்று சொல்லும்போதே பிள்ளைகளைப் பிடித்துப் பதுங்குகுழிக்குள் இறக்கிவிடுவேன். 'மக்களே' என்று முடிப்பதற்குள் எல்லோரும் உள்ளே இருப்போம்."

கடம்பனார் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"என்னை வெறுக்கிறீர்களா?"

"ஐயையோ! என்ன பேச்சு இது? அந்தக் குரல் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் யாரும் இல்லை. நானும் இல்லை. உங்கள் படத்துக்குத் தினமும் பூ வைத்தவள் நான்."

"தேர்தலில் எனக்குத்தானே ஓட்டுப் போட்டீர்கள்?"

குமுதவல்லி குனிந்தார். மூட்டையிலிருந்து சிந்திய நெல்லைக் கையால் கூட்டிக் குவித்தார்.

"இல்லை ஐயா."

"ஏன்?"

"தூங்க வேண்டும்போல் இருந்தது."

சாயங்காலம் கடம்பனார் அம்மையைத் தேடி வந்தார். அம்மை கை கழுவிக்கொண்டிருந்தார்.

"வரும்போது ஒரு குழப்பத்தோடு வந்தேன். இப்போது இன்னும் மோசமாகிவிட்டது. நான் வாசித்தது மாட்டு வைத்தியம் அம்மா. அதற்கா பயப்படுவார்கள்?"

"நாளைக்கும் நீங்களே வாசியுங்கள்."

"வேண்டாம். அந்த அம்மாள் பாவம்."

"கேட்டதே அவர்தான். பழகிக்கொள்ள வேண்டுமாம்."

அடுத்த நாளும் வாசித்தார். குரலைத் தாழ்த்தி வாசித்தால் ரகசிய உத்தரவு போல இருந்தது. மெதுவாக வாசித்தால் இரங்கல் உரை போல இருந்தது. மாட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் வாசித்து முடித்தபோது, ஒரு முதியவர் தன்னையறியாமல் கை தட்டினார். குமுதவல்லி அன்றைக்கும் பாதியில் இறங்கிப் போனார்.

கடம்பனார் தனியாக மலைப்பாதையில் நடந்துபோய்ப் பேசிப் பார்த்தார். பிரதமர் ஆவதற்கு முன்னால் நான் எப்படிப் பேசினேன்? மனைவியிடம் எப்படிப் பேசினேன்? மனைவி போரின் முதல் குளிர்காலத்தில் நோயில் இறந்துபோனவள். "தண்ணீர் கொண்டு வா" என்று சொல்லிப் பார்த்தார். பாறையில் பட்டு எதிரொலித்தது. அவளிடம் இப்படியா கேட்டிருப்பேன்? எவ்வளவு முயன்றும் அந்தப் பழைய குரல் நினைவுக்கு வரவில்லை. பயமாக இருந்தது.

நாட்கள் போயின. ஒருநாள் குமுதவல்லி கடைசிவரை கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் கடம்பனாருக்கு உண்டான மகிழ்ச்சி வெற்றி ஊர்வலத்தில்கூட உண்டாகவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அந்தச் சமயத்தில்தான் தலைநகரிலிருந்து தளவாய்நாதன் வந்தார். போர்க்காலத்தில் கடம்பனாரின் வலது கையாக இருந்தவர். இப்போது கட்சியை நடத்திக்கொண்டிருப்பவர். ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைத் தானே தோளில் சுமந்து மலையேறியிருந்தார்.

"தலைவரே, ஆற்றில் சுட்டுவிட்டார்கள். நம் காவல் படகில் இருந்த இரண்டு பேர் செத்துவிட்டார்கள்."

"வடகரை என்ன சொல்கிறது?"

"பனியில் ஆள் தெரியவில்லை, தவறுதலாகச் சுட்டுவிட்டோம், வருந்துகிறோம் என்கிறது. புதுப் பிரதமர் அதை நம்பி விசாரணை நடத்தச் சொல்லியிருக்கிறார்."

"நீ நம்புகிறாயா தளவாய்?"

"நான் நம்புவது இருக்கட்டும். நீங்கள் கொஞ்ச நேரம் பேசினால் போதும். நாடே எழுந்து நிற்கும். இந்த அரசு தாங்காது. பழையபடி நீங்கள்தான்."

"இரு. வருகிறேன்."

கடம்பனார் தொழுவத்தை நோக்கி விரைந்தார். பாதி வழியில்தான் கவனித்தார். முழங்கால் வலிக்கவில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. பத்து வயது குறைந்தாற்போல் நடந்துகொண்டிருந்தார்.

அம்மை சாணி அள்ளிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஆற்றில் நம் பையன்கள் இரண்டு பேரைச் சுட்டுவிட்டார்களாம்."

அம்மை கூடையைக் கீழே வைத்தார். "யார் பெற்ற பிள்ளைகள்? பெயர் என்ன?"

கடம்பனார் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்கவில்லை."

அம்மை மறுபடியும் கூடையை எடுத்தார். பசு வாலை வீசிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஒன்று சொல்கிறேன். சொல்லவே கூசுகிறது. அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு உயிர் போயிருக்கிறது. என் கால் வலி போய்விட்டது. நான் என்ன மனிதன்? நாட்டுக்கு நான் தேவைப்படுகிறேனா, இல்லை எனக்குத்தான் ஒரு போர் தேவைப்படுகிறதா? பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை."

"செய்தி கொண்டுவந்தவர் காத்திருப்பார். போங்கள்."

"போய்ப் பேசட்டுமா?"

"போய் உட்காருங்கள். கையைக் கழுவிவிட்டு வருகிறேன்."

தளவாய்நாதன் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பலகையின் மேல் கருவியை வைத்து, மைக்கை நிமிர்த்தி வைத்திருந்தார். மடத்தில் இருந்தவர்கள் சுவரோரமாகக் கூடியிருந்தார்கள். படகில் செத்தவர்களின் பெயரைக் கடம்பனார் கேட்டார். தளவாய்நாதனுக்கும் தெரியவில்லை. "தலைநகருக்குப் போனதும் விசாரித்துச் சொல்கிறேன் தலைவரே" என்றபடி பொத்தானை அழுத்தினார். நாடா சுற்றத் தொடங்கியது. கையைக் காட்டினார்.

"தென்கரை மக்களே..."

குரல் தானாகவே வந்தது. கொஞ்சமும் துருப்பிடிக்காமல், அன்றைக்கு இருந்த மாதிரியே வந்தது. சுவரோரமாக நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். தளவாய்நாதன் புன்னகைத்தார். கடம்பனார் அவர்கள் முகங்களைப் பார்த்தார். அடுத்த சொல்லில் அவர் எதைச் சொன்னாலும் இவர்கள் செய்வார்கள்.

அடுத்த சொல் வரவில்லை.

அவர் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பினார். அம்மை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"போன தடவையும் இப்படித்தான் அம்மா. ஒன்றுமில்லை, பயிற்சி என்றார்கள். நான் ஒருவன்தான் வரப்போகிறார்கள் என்றேன். நான் சொன்னது நடந்தது."

"ஆமாம். நடந்தது."

"நடக்கப்போவதால் சொன்னேனா? சொன்னதால் நடந்ததா?"

"எனக்குத் தெரியாது ஐயா."

"இப்போது நான் சும்மா இருந்து, அவர்கள் வந்துவிட்டால்? முத்தலை மறுபடியும் எரியும். பிள்ளைகள் மறுபடியும் குழிக்குள் போவார்கள். சரி, பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசி, வராமல் இருந்திருக்கக்கூடியவர்களை வரவழைத்துவிட்டால்?"

"அதுவும் எனக்குத் தெரியாது."

"உங்களுக்கும் தெரியாதென்றால் நான் யாரிடம் போவேன்?" அவர் குரல் உடைந்தது. "எது சரி என்று தெரியாத ஒருவன் இந்த மைக்குக்கு முன்னால் எப்படி அம்மா உட்காருவது?"

நப்பின்னை அம்மை சொன்னார்: "இதுவரை எது சரி என்று தெரிந்தவர்கள்தான் ஐயா அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்."

தளவாய்நாதன் கருவியை நிறுத்துவதற்காகக் கையை நீட்டினார். கடம்பனார் அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தார். தெரியாதவராகவே மைக்கின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பேசவில்லை.

நாடா சுற்றிக்கொண்டிருந்தது.