பலாமரப் பெட்டியும் பருப்புப் பாயசமும்

கொன்றையூர் மன்னர் வீரசொக்கருக்கு எதையாவது புதிதாக ஆரம்பிக்காவிட்டால் தூக்கம் வராது. மயில் பண்ணை வைத்துப் பார்த்தார். மயில்கள் பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டன. அடுத்து ஒரு சர்வகலாசாலை கட்டினார். அதில் மனித அறிவை ஆராய்வதற்கென்றே ஒரு துறை. துறைத் தலைவராக வெளிதேசத்திலிருந்து சர்வபோதர் என்ற பேராசிரியர் வந்தார். கூடவே அவருடைய சீடர் கூட்டமும் வந்து இறங்கியது.

போதரின் சோதனைக்கு ஒரே ஒரு பலாமரப் பெட்டி போதும். அதன் தாழ்ப்பாள் கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கும். தேடிக் கண்டுபிடித்துத் திறந்தவர் அறிவாளி. அவர் வீட்டுக்குப் போகலாம். திறக்காதவர்?

"பசி அறிவை மந்தமாக்கும்," என்றார் போதர். "தேறாதவர்களுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட்டு, மறுநாள் திரும்பவும் சோதிக்க வேண்டும். அதுதான் முறையான ஆராய்ச்சி."

அரண்மனைச் சமையல்காரர்கள் கலாசாலைக்கு வந்தார்கள். சாம்பார், கூட்டு, அப்பளம், முந்திரி மிதக்கும் பருப்புப் பாயசம்.

முதல் ஆளாக மன்னரே உட்கார்ந்தார். எடுத்த எடுப்பில் பெட்டியைத் திறந்துவிட்டார். சீடர்கள் கைதட்டினார்கள். மன்னர் மீசையைத் தடவிக்கொண்டே அரண்மனைக்குப் போய், வைத்தியர் விதித்திருந்த உப்பில்லாத கேழ்வரகுக் கஞ்சியைக் குடித்தார்.

அதற்குப் பிறகு ஊரே திரண்டு வந்தது. ஒருவர்கூடத் தேறவில்லை. நெசவாளர்கள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பூட்டு செய்கிற ஆசாரி உதட்டைப் பிதுக்கினார். மறுநாள் வந்தார்கள், தேறவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. ஆனால் ஒருவரும் மனம் தளரவில்லை, பாவம். விடிந்ததும் வந்து வரிசையில் நின்றார்கள்.

மாத முடிவில் போதர் அரசவையில் எழுந்து நின்றார்.

"மகாராஜா, தங்களைத் தவிர இந்த ஊரில் அறிவுள்ளவர் ஒருவருமில்லை. இப்படிப்பட்டவர்கள் ஊர்ச்சபையில் உட்கார்ந்து ஏரித் தண்ணீரைப் பங்கிடலாமா? சபையைக் கலைத்துவிடுங்கள். ஏரியை என் சீடர்கள் பார்த்துக்கொள்வார்கள்."

சீடர்களுக்கு மடை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. அவர்கள் கைக்கு ஏரி போனால் அந்த வருடம் நெல் வீடு வந்து சேராது. ஆனால் மன்னருக்கு அந்த அறிக்கை பிடித்திருந்தது. தாம் ஒருவரே தேறினோம் என்று எழுதியிருக்கிற அறிக்கை பொய்யாக இருக்குமா என்ன?

"கலைத்துவிடலாம்," என்றார் மன்னர்.

அப்போது அம்பலத்தாடி எழுந்தான். மன்னரிடம் வாய் திறந்து பேசத் துணிந்த ஒரே அவைக்காரன் அவன்தான்.

"மகாராஜா, நாளை மதியம் வரை பொறுங்கள்."

போதர் சிரித்தார். "இவரும்தான் தினமும் வருகிறார், மகாராஜா. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறார்."

"உனக்கு வெட்கமாக இல்லையா?" என்று மன்னர் கேட்டார்.

"சாப்பிடும்போது மறந்துவிடுகிறது, மகாராஜா. நம் ஊரார் அறிவாளிகள் என்று நாளைக்குக் காட்டுகிறேன். காட்டாவிட்டால் சபையைக் கலைப்பதோடு என்னையும் நாட்டைவிட்டு அனுப்பிவிடுங்கள்."

"அதற்கு என்ன வேண்டும்? வேறு பெட்டியா?"

"அதே பெட்டி, அதே ஆட்கள். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் ஒரு சின்ன மாற்றம்."

மறுநாள் கலாசாலையில் மன்னர் முன்னிலையில் அம்பலத்தாடி அந்த மாற்றத்தை அறிவித்தான். "இன்றைக்குப் பெட்டியைத் திறந்தவருக்குத்தான் இலை. திறக்காதவர் வீட்டுக்குப் போகலாம்."

ஆசாரி வேறெங்கோ பார்த்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார். நெசவாளர்கள் பேச்சை நிறுத்தாமலே திறந்தார்கள். வெற்றிலை விற்கும் செண்பகம், இடுப்பில் கூடையோடு ஒற்றைக் கையால் திறந்தாள். சீடர்களுக்குப் பெட்டியை மூடி மூடிக் கை ஓய்ந்துபோயிற்று.

"ஒரே இரவில் உங்களுக்கெல்லாம் எப்படி அறிவு வந்தது?" என்று போதர் திணறினார்.

"தாப்பா எங்க இருக்குன்னு வந்த அன்னிக்கே தெரியும் சாமி," என்றாள் செண்பகம். "தொறந்தா எந்திரிச்சுப் போகச் சொல்றீங்க. பாயசத்த விட்டுட்டு யாரு போவா?"

அம்பலத்தாடி கைகட்டி நின்றான். "மகாராஜா, போதர் ஊராரை ஆராய்ந்தார். ஊரார் போதரை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய ஆராய்ச்சி முதல் நாளே முடிந்துவிட்டது."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏரியும் சபையும் இருந்தபடியே இருக்கட்டும்," என்றார். சொல்லிவிட்டுச் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

"அம்பலத்தாடி, முதல் நாளே பெட்டியைத் திறந்துவிட்டுக் கஞ்சி குடிக்கப் போனானே ஒருவன். அவனை என்னவென்று சொல்வது?"

ஒரு சொல் பிசகினால் அம்பலத்தாடியின் தலை தப்பாது.

"அவசரப்பட்டு ஒன்றும் சொல்லக்கூடாது, மகாராஜா," என்றான். "ஒரே ஒரு தடவைதானே சோதித்திருக்கிறோம்?"

மன்னர் அவனைப் பார்த்தார். பாயச அண்டாவைப் பார்த்தார். பிறகு மெல்ல நடந்து வந்து பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"போதரே, எனக்கு மட்டும் பழைய விதி."

பெட்டியைக் கையில் எடுத்தார். கவிழ்த்துப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டினார். நெற்றியைச் சுருக்கி, நீண்ட பெருமூச்சு விட்டார்.

"ஒன்றும் பிடிபடவில்லை," என்றார். "இலையைப் போடச் சொல்லும். அம்பலத்தாடிக்கும் பக்கத்திலேயே ஒன்று போடுங்கள். நாளைக்கும் வந்து முயற்சி செய்கிறேன்."