பனைமட்டைப் பொம்மைக்கு நூல் கட்டிய கதை

பொம்மைகளும் குருவிகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் மாடத்தி என்றொருத்தி தினை விதைத்திருந்தாள். கணவன் இல்லை. அடுத்த மழை வரைக்கும் அவளும் அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் சாப்பிட அந்தத் தினையை விட்டால் வேறு கதியில்லை.

கதிர் பால் பிடித்ததும் கிளிகள் வந்தன. மாடத்தி பனைமட்டையைச் சீவி, கையும் காலும் தனித்தனியாகச் செய்து, கருவேல முள்ளால் உடம்போடு கோத்து ஒரு பொம்மையை நிறுத்தினாள். அப்போதெல்லாம் பொம்மைகள் தாமாகவே ஆடும். யார் வந்தாலும் கையைத் தூக்கி விரட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, களைப்போடு வீட்டுக்குப் போனாள்.

பொம்மை சொன்ன சொல் தட்டாதது. கிளியை விரட்டியது, மைனாவை விரட்டியது. கரிச்சான் குருவி வந்து, எனக்குத் தினையே வேண்டாம், தண்டில் ஏறும் புழுவைத் தின்னத்தான் வந்தேன் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னது. அதையும் விரட்டியது. ஓயாமல் ஆடியதில் தோள் தேய்ந்துபோனாலும் கையைக் கீழே விடவில்லை.

ஐந்தாம் நாள் மாடத்தி வந்து பார்த்தாள். கிளி தொட்ட கதிர் ஒன்றுகூட இல்லை. ஆனால் பாதித் தினைக்காட்டைப் புழு தின்றிருந்தது. கரிச்சான் ஒன்றைக்கூடக் காணோம். பொம்மையிடம் போய்க் கேட்டாள்.

"கரிச்சானை ஏன் விரட்டுன?"

"யாரையும் விடாதேன்னுதானே சொன்ன, ஆத்தா. புழு பறந்து வரலையே."

அடுப்பில் வைக்கத்தான் அதைப் பிடுங்கினாள். தேய்ந்த தோளைப் பார்த்ததும் மனசு வரவில்லை. சொன்னது தான்தானே என்று வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள்.

பிறகு முந்தானையில் நூல் பிரித்து, பொம்மையின் கையையும் காலையும் முதுகுப்பக்கம் சேர்த்துக் கட்டி, மறுபடி நட்டு, நூலின் ஒரு முனையைக் கீழே தொங்கவிட்டாள்.

"இனிமே எப்ப ஆடணும்னு நீ யோசிக்க வேண்டாம். நான் பார்த்து இழுக்கேன்."

பொம்மை முதல்முறையாகக் கையைத் தொங்கப்போட்டது. அதற்கப்புறம் அது பேசவே இல்லை.

கிளி வந்தால் இழுத்தாள். கரிச்சான் வந்தால் நூலை விட்டாள். மீதிப் பாதித் தினை வீடு வந்து சேர்ந்தது. அறுப்பு முடிந்ததும் பிள்ளைகள் பொம்மையின் நூலை இழுத்து இழுத்துச் சிரித்தார்கள்.

நூலை இழுத்தால் பொம்மை கைகால் தூக்குவதும், விட்டதும் அப்பாடா என்று தொங்கிப்போவதும் அதிலிருந்துதான். யாரை விரட்டுவது, யாரை விடுவது என்ற கவலை மட்டும் நூலைப் பிடித்தவர் கைக்கு வந்துவிட்டது.