நாச்சிமுத்துவின் நாக்கு

அமராவதிக் கரையிலிருந்த குடிலுக்கு நாச்சிமுத்து வந்து சேர்ந்தபோது வானம் கறுத்துக்கொண்டிருந்தது. எப்போதுமே காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்ட மாதிரிதான் நடப்பார். அன்றைக்கு இன்னும் மோசம்.

அரவக்குறிச்சிப் பக்கம் அவர் ஒரு முருங்கை இலைப்பொடி ஆலை நடத்தி வந்தார். முருங்கைக்காய் விலை விழுந்தால் கூலி இல்லாமல் நிற்கிற பெண்களுக்கு வருஷம் முழுக்க வேலை வேண்டுமென்று, வங்கி உத்தியோகத்தை உதறிவிட்டு ஆரம்பித்தது. லாபத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. தங்கமான மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார். அரைத்த பொடியை அவர் நாக்கில் வைத்துத் தலையாட்டினால்தான் பையைக் கட்டலாம். வேறு யாரும் ருசி பார்க்கக் கூடாது. "என் நாக்குதான் சீலு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

போன மாதம் அப்படித் தலையாட்டி அனுப்பிய லோடு, கசக்கிறது என்று திரும்பி வந்துவிட்டது. இலை சரியில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். அன்றைக்குத் தமக்குச் சளி பிடித்திருந்ததை மட்டும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. இன்னொரு முறை சரக்கு திரும்பினால் வாங்குகிறவர் கைகழுவிவிடுவார். ஆலையை மூட வேண்டியதுதான்.

குடிலில் இருந்த தவமணி அம்மா அவரைவிட வயதில் இளையவர். நாச்சிமுத்துவுக்கோ தலை நரைத்துவிட்டது. இருந்தாலும் இவருக்கு அவர்தான் குரு.

"வாங்க. உக்காருங்க" என்றார்.

"உக்கார நேரமில்லீங்கம்மா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றேன். நான் இல்லாத காலத்துலயும் அந்த ஆலை ஓடணும். அதுக்கு என்ன வழி?"

அதற்குள் அவருடைய போன் அடித்தது. ஆலையில் மேற்பார்வை பார்க்கும் பாவாத்தாள்.

"சார், பொடி அரைச்சாச்சுங்க. மழைக்காத்து அடிக்குது. பையில கட்டட்டுங்களா?"

"நான் வந்து பாக்காம ஒரு பை கட்டக் கூடாது!"

"ஈரம் ஏறுனா கட்டி தட்டிப்போயிருமுங்க, சார்."

"வந்துர்றேன்னு சொல்றனில்ல!"

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா இலை போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டுப் போலாம்."

குருவின் பேச்சைத் தட்ட முடியுமா? குடிலுக்கு வந்திருந்தவர்களோடு பந்தியின் கடைசியில் போய் உட்கார்ந்தார். சோறும் ரசமும் பரிமாறினார்கள். பசி வயிற்றைக் கிள்ளியது. கையை இலையில் வைக்கப் போனார்.

"இருங்க" என்றார் தவமணி அம்மா. "இன்னைக்கு எல்லாருக்கும் நான் ருசி பாத்துச் சொல்றேன். அப்பறம் சாப்பிடலாம்."

கையில் ஒரு கரண்டியோடு அவர் பந்தியின் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தார். முதல் இலையில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டுக்கொண்டு, வாயில் போட்டு, கண்ணை மூடி, நிதானமாக மென்றார். பிறகு தலையாட்டினார். அந்த ஆள் சாப்பிட ஆரம்பித்தார். அம்மா அடுத்த இலைக்கு வந்தார். அங்கேயும் அதே நிதானம்.

நாச்சிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொடை தானாக ஆடியது. வாசலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. பாதிப் பந்தி தாண்டியதும் யாரோ வாசலில் கூப்பிட, அம்மா கரண்டியோடு வெளியே போய்ப் பேசிக்கொண்டு நின்றார். தூரத்தில் இடி உருண்டது. போன் அடித்து நின்றது. மறுபடியும் அடித்து நின்றது.

அம்மா திரும்பி வந்து மிச்ச இலைகளையும் முடித்து, நாச்சிமுத்துவின் பக்கத்து இலைக்காரருக்கும் ருசி பார்த்துத் தலையாட்டினார். இனி இவர் முறைதான். அதற்குள் அம்மா கரண்டியைக் கழுவிக்கொண்டு வரத் திரும்பினார். அவ்வளவுதான், நாச்சிமுத்துவுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னங்கம்மா இது! ஆறிப்போன சோத்தை வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருக்கறது? எனக்கும் நாக்குன்னு ஒண்ணு இருக்குதுங்களே!"

பந்தி முழுக்க வாயில் வைத்த கையோடு நின்றது. தவமணி அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

சொன்னதை நாச்சிமுத்துவின் காதே கேட்டது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. மறுபடி போன் அடித்தபோது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் எடுத்தார்.

"சார், தூறல் விழுந்துருச்சுங்க..."

"பாவாத்தா, நீங்களே நாக்குல வச்சுப் பாருங்க."



"நானுங்களா?"

"நீங்கதான். பாருங்க."

காத்திருந்தார்.

"எப்படி இருக்குது?"

"பயமா இருக்குதுங்க, சார்."

"பொடி எப்படி இருக்குதுன்னு கேட்டேன்."

"ஒரு தட்டுப் பொடி மட்டும் கசக்கற மாதிரி... இல்ல, எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னமோ."

"தோணுனா அதை ஒதுக்கிருங்க. மத்ததைக் கட்டுங்க."

"நீங்க வரலீங்களா?"

"கட்டுங்க, பாவாத்தா."

போனை வைத்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"அவங்க தப்பாக் கட்டிட்டா என்னங்கம்மா பண்றது? இந்தத் தடவையும் லோடு திரும்புனா அத்தனை பேரும் தெருவுல நிக்கணுமுங்க."

"சாப்பிடுங்க."

ரசச்சோற்றை ஒரு வாய் எடுத்து வைத்தார். முகம் கோணியது. உப்புக் கரித்தது, தொண்டைக்குள் இறங்கவில்லை. பக்கத்து இலையைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஆள் பாதிச் சோற்றைச் சிரமப்பட்டு முடித்திருந்தார்.

"ஏனுங்க, உங்களுக்கு உப்புத் தெரியலீங்களா?"

"தெரியாமயாங்க? அம்மாவே பாத்துச் சரின்னுட்டாங்களே, நாம என்னத்தைச் சொல்றதுன்னுதான்..."

பந்தியில் அந்தக் கோடி வரைக்கும் எல்லோரும் தலைகுனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நாச்சிமுத்து குருவிடம் திரும்பினார். "நீங்க ருசி பாத்துட்டுத்தானுங்கம்மா தலையாட்டினீங்க?"

"பாத்துட்டுத்தான்" என்றார் தவமணி அம்மா. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நேத்துலிருந்து எனக்குச் சளி. யாருகிட்டயும் சொல்லலை."